லாஹிஜானுக்குக் கொழுந்து நிறுவை மென்பொருள்: ஏற்றுமதிக் கட்டுப்பாடு எங்கே வந்து பிடிக்கும்?

மடுவம்_கணக்கு (ஹட்டன்)

கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) நிறுவை பதிகிற மென்பொருள் ஒன்றை ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமத்தில் கிட்ஹப்பில் பொதுவில் வைத்திருக்கிறோம். தராசிலிருந்து எடை புளூடூத்தில் அண்ட்ரொய்ட் போனுக்கு வரும். அதைச் செக்ரோல் (தொழிலாளர் பதிவேட்டு) நம்பரோடு சேர்த்து எஸ்கியூஎல்சைஃபர் என்ற குறியாக்கத் தரவுத்தளத்தில் பூட்டி வைக்கும். ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) வந்ததும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிச் சேர்வருக்கு டிஎல்எஸ் என்ற குறியாக்க இணைப்பு வழியாக ஏறும். சிக்னல் விழாத மலைகளுக்கு லோரா என்ற நெடுந்தூர வானொலி இணைப்பு.

டுபாயில் ஒரு கண்காட்சி இருக்கிறது. அது முடிந்து நேரே ஈரான், கீலான் மாகாணத்து லாஹிஜான். அங்கேயும் தேயிலைதான். சிறு தோட்டக்காரர்களின் கூட்டு ஒன்று இதைப் போட்டுப் பார்க்கக் கேட்டிருக்கிறது. இரண்டு பேர் போகிறோம், இருவருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு.

கையில் போவது: டெபியன் லினக்ஸ் போட்ட லெப்டொப் ஒன்று (வட்டு முழுக்க லக்ஸ் குறியாக்கம்), ராஸ்பெரி பை 4 இரண்டு, எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள லோரா பலகை நான்கு, கொடுத்துவிட்டு வர 20 யூஎஸ்பி.

பொதுவில் இல்லாதவை இரண்டு. ஒன்று, தராசுக் கம்பனி தந்த புளூடூத் எஸ்டிகே (தராசோடு பேசுவதற்கான நிரல் தொகுப்பு). மூலநிரல் தரவில்லை, கம்பனி அமெரிக்கக் கம்பனி. மற்றது, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கணக்கு மொடியூல். தோட்டக் கம்பனி ஒன்றுக்காக எழுதியது, கிட்ஹப்பில் பிரைவேட்டாகக் கிடக்கிறது.

இலங்கையில் எழுதி, இலங்கையர் கொண்டுபோகிற மென்பொருளில் அமெரிக்கச் சட்டத்துக்கு என்ன வேலை? அப்படி வேலை இருக்கிறதென்றால் மேலே சொன்ன சாமான்களில் எதை விட்டுவிட்டுப் போக வேண்டும்?

தலவாக்கலை_டெபியன்

வேலை இருக்கிறது. ஆனால் பொதுவில் கிடக்கிற நிரலில் இல்லை.

அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் பிஐஎஸ் பணியகம் நடத்துகிற ஏற்றுமதி ஒழுங்குவிதிகளைச் சுருக்கமாக ஈஏஆர் என்பார்கள். அது ஆளின் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, பொருளைத்தான் பார்க்கும். பொருள் அமெரிக்காவுக்குள் இருந்தால் பிடிக்கும். அமெரிக்காவில் பிறந்த பொருள் உலகத்தில் எங்கே இருந்தாலும் பிடிக்கும். வெளிநாட்டில் செய்த பொருளுக்குள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்கச் சரக்கு ஓர் அளவுக்கு மேல் கலந்திருந்தாலும் பிடிக்கும். அந்த அளவு பெரும்பாலான நாடுகளுக்குப் பெறுமதியில் 25%, ஈரானுக்கு 10%. அதனால் டுபாய்க்குச் சரியாக இருக்கிற பொதி லாஹிஜானுக்குச் சரியில்லாமல் போகலாம்.

இதிலே திறமூலத்துக்குக் கதவு திறக்கிற இடம் 734.7ஆம் பிரிவு. யாரும் தடையில்லாமல் எடுக்கக்கூடியபடி இணையத்தில் வெளியிட்ட மென்பொருள் ‘வெளியிடப்பட்டது’. வெளியிடப்பட்டது ஈஏஆருக்கு உட்பட்டதே அல்ல. இதை அனுமதி என்றோ விலக்கு என்றோ நினைக்கக்கூடாது, பொருள் சட்டத்தின் எல்லைக்கே வெளியே போய்விடுகிறது. இணையத்தில் இறக்கினாலும் யூஎஸ்பியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாலும் ஒன்றுதான். 10% கணக்குப் போடும்போதும் அது சேராது.

குறியாக்கம் உள்ள நிரலுக்கு மட்டும் ஒரு படி கூட. அது 5டி002 என்ற வகைக்குள் வரும், வெளியிட்டால் மட்டும் போதாது, 742.15 பிரிவின் நிபந்தனையையும் தாண்ட வேண்டும். முன்பெல்லாம் நிரல் இருக்கிற இணைய முகவரியை பிஐஎஸ்ஸுக்கும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவுக்கும் மின்னஞ்சலில் அறிவித்தால்தான் தாண்டலாம். 2021 மார்ச்சில் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஏஇஎஸ், ஆர்எஸ்ஏ, டிஎல்எஸ் மாதிரித் தரநிலையில் உள்ள குறியாக்கம் என்றால் அறிவிப்பே வேண்டாம். தரநிலை அமைப்பு எதுவும் ஏற்காத, வேறெங்கும் வெளியாகாத சொந்த முறையை வைத்திருப்பவர் மட்டும் இன்னும் அறிவிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது எஸ்கியூஎல்சைஃபரும் டிஎல்எஸ்ஸுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல்லும், இரண்டும் ஏஇஎஸ். லோராவானில் இருப்பதும் ஏஇஎஸ்-128. ‘கொஞ்சம் கூடப் பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று யாராவது சொந்தமாக எக்ஸ்ஓஆர் வித்தை எதையாவது உள்ளே போட்டிருந்தால் அதைக் கழற்றுங்கள். பாதுகாப்பும் கூடாது, சட்டச் சிக்கல்தான் கூடும்.

தொகுத்த பைனரிக்கும் இந்த வசதி உண்டு, அதற்கு நேரான மூலநிரல் பொதுவில் இருக்கும்வரை. ‘நேரான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுவில் 2.3 பதிப்பு இருக்க, ஏபிகேயை (அண்ட்ரொய்ட் நிறுவல் கோப்பை) உங்கள் லெப்டொப்பில் உள்ள வெளிவராத 2.4இலிருந்து தொகுத்தால் அந்த ஏபிகே வெளியிடப்பட்டது ஆகாது.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் பழைய பக்கங்கள்தான் நிறைய வரும். 1996 முடியும் வரை குறியாக்க மென்பொருள் அமெரிக்காவின் ஆயுதப் பட்டியலில் இருந்தது. பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளின் மூலநிரலை 1995இல் எம்ஐடி அச்சகம் புத்தகமாகப் போட்டதும், டெபியன் குறியாக்கப் பொதிகளை அமெரிக்காவுக்கு வெளியே தனி சேர்வரில் வைத்ததும் அந்தக் காலத்துத் தலைவலி. 2000 ஜனவரி விதியில்தான் திறமூலத்துக்கு வழி பிறந்தது. ஏற்றுமதிக்கென்று பலவீனமாக்கிய 512 பிட் சாவிகள் பழைய சேர்வர்களில் கிடந்து 2015இல் ஃப்ரீக் தாக்குதலாக வெளிப்பட்டன. ஆகவே எந்தப் பக்கத்தைப் படித்தாலும் திகதியைப் பாருங்கள், 2021க்கு முந்தியது என்றால் மின்னஞ்சல் அறிவிப்புப் பகுதியை நம்பவேண்டாம்.

ஊவா_பொட்டலம் (பண்டாரவளை)

அண்ணன் நிரலைச் சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் பையில் நிரலோடு ஒட்டிக்கொண்டு போகிறவைதான் ஆபத்து.

எஸ்டிகே. அமெரிக்கப் பிறப்பு, வெளியிடப்படாதது. ஆக ஈஏஆருக்கு உட்பட்டது, சந்தேகமே இல்லை. குறியாக்கம் இல்லாமல் ஈஏஆர்99 என்ற கடைசி வகையிலேயே விழுந்தாலும் ஈரான் என்றால் அது தானாகவே தடையில்லாமல் போகும் என்று நம்பக்கூடாது. எஸ்டிகே உங்கள் ஏபிகேக்குள் கட்டப்பட்டிருப்பதால் ஏபிகே முழுவதும் கலப்புப் பொருளாகிறது. அப்போது 10% கணக்கு வருகிறது. அந்தக் கணக்கு பெறுமதியை வைத்துப் போடுவது. இலவசமாகக் கொடுக்கிற மென்பொருளில் எதற்கு எத்தனை வீதம் என்று எவராலும் காட்ட முடியாது, அதனால் 10%க்குள் இருக்கிறது என்ற வாதத்தில் தொங்காதீர்கள், கழற்றிவிடுங்கள். இன்னொன்று, ஜிபிஎல் 3 நிரலோடு மூலமில்லாத எஸ்டிகேயைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே உரிமத்துக்கு ஆகாது. அதற்கும் இதே பரிகாரம்தான்.

கழிவு மொடியூல். எழுதியது ஹட்டனில், பிறப்பால் அமெரிக்கப் பொருள் அல்ல. ஆனால் கிட்ஹப்பின் பிரைவேட் களஞ்சியத்தில் கிடக்கிறதே, அந்த சேர்வர் அமெரிக்காவில் இருந்தால் அந்தப் பிரதி அமெரிக்காவுக்குள் இருக்கும் பொருள். லாஹிஜானில் உட்கார்ந்து அதை ஜிட் குளோன் செய்தால் (பிரதி இறக்கினால்) அமெரிக்காவிலிருந்து ஈரானுக்கு ஏற்றுமதி செய்த மாதிரி ஆகும். பொதுவில் வெளியிட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. (கழிவுக் கணக்கை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைப்பது தோட்டத்து ஆட்களுக்கும் நல்லதுதான், அது வேறு பேச்சு.) கம்பனி ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மொடியூல் பயணம் போகக்கூடாது. கடவுச்சொல் போட்டு அவர்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுப்பது வெளியீடு ஆகாது.

வன்பொருள். திறமூல நிரலுக்கு உள்ள வசதி சாமானுக்குக் கிடையாது. எஸ்எக்ஸ்1276 செம்டெக்கின் சிப், பை 4இன் மூளை பிராட்கொம் சிப், இரண்டும் அமெரிக்கக் கம்பனிகள். டுபாய் வழியாக ஈரானுக்கு இலத்திரனியல் பலகை போவது அமெரிக்கர்கள் வருடக்கணக்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிற பாதை. ஆறு பலகையைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பாதையிலேயே நடக்க வேண்டுமா? கண்காட்சி முடிந்ததும் பலகைகளை உங்களில் ஒருவர் டுபாயிலிருந்தே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரட்டும். லாஹிஜானில் சேர்வருக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற பழைய கணினி போதும். மடுவக் கணக்குக்கு 2 ஜிபி நினைவகம் தாராளம்.

லுணுகலை_ரூட்

ரீட்மீயில் ‘தடை உள்ள நாடுகளில் பயன்படுத்தக்கூடாது’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு நம் தலையிலிருந்து இறங்கிவிடாதா?

தலவாக்கலை_டெபியன்

இறங்காது தம்பி. திறமூல வரைவிலக்கணத்தின் 5ஆம், 6ஆம் அம்சங்கள் ஆளையும் தொழில்துறையையும் பார்த்து ஒதுக்கக்கூடாது என்கின்றன. ஜிபிஎல் 3இன் 7ஆம் பிரிவுப்படி இப்படி மேலதிகமாகப் போடுகிற தடையைப் பெறுபவர் அப்படியே நீக்கிவிடலாம். நாட்டைப் பார்த்துக் கதவை மூடுகிற வெளியீட்டை ‘தடையில்லாமல் வெளியிடப்பட்டது’ என்று வாதாடுவதும் சிரமம். இருந்த பாதுகாப்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கணக்கப்பிள்ளை_2.0 (நுவரெலியா)

இதுவரை பேசியது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஈரான் என்றால் பக்கத்திலேயே இன்னொரு சட்டம் நிற்கிறது: திறைசேரியின் ஓஃபாக் அலுவலகம் நடத்தும் பொருளாதாரத் தடை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறு நடக்கிறது. முன்னது பொருளைப் பார்க்கும். பின்னது ஆளையும் பணத்தையும் சேவையையும் பார்க்கும். 2024 ஒக்டோபரில் லினக்ஸ் கேர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யர் சிலரின் பெயர்களை எடுத்தார்களே, நிரலை ரஷ்யாவில் எவரும் இறக்கக்கூடாது என்றா சொன்னார்கள்? நிரல் அப்படியே பொதுவில்தான் இருந்தது. பிடித்தது ஆட்களை.

ஆகவே நிரல் சுத்தமாக இருந்தாலும் நாலு விஷயம் பாருங்கள்.

நீங்கள் யார் என்பது முதலாவது. இலங்கையர் என்பதோடு முடியவில்லை. பராமரிப்பாளர்களில் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் இருந்தால் அவர் லாஹிஜான் பயிற்சி, நிறுவல், தொலைபேசி உதவி எதிலும் கை வைக்கக்கூடாது. பகலில் கொழும்பில் ஏதாவது அமெரிக்கக் கம்பனியின் கிளையில் வேலை செய்பவர் என்றால் இன்னும் கவனம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அமெரிக்கர் உடைமையில் உள்ள வெளிநாட்டுக் கிளைக் கம்பனிகளும் ஈரான் தடைக்குள். விடுமுறையில் போனாலும் அலுவலக லெப்டொப், அலுவலக மின்னஞ்சல், அலுவலகக் கணக்கு எதுவும் கூட வரக்கூடாது.

எதிர்த்தரப்பு யார். கூட்டின் பெயர், தலைவர் பெயர், அவர்களின் வங்கி, மூன்றையும் அமெரிக்க அரசின் ஒருங்கிணைந்த சோதனைப் பட்டியலில் தேடுங்கள், தேடல் பக்கம் இலவசம். பாரசீகப் பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொன்று. ஹுசைன், ஹொசேன், ஹொஸ்ஸெய்ன் என்று நாலு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அல்லது அண்ணளவுத் தேடலை இயக்க வேண்டும். தேடிய திகதியோடு திரைப்பிரதி எடுத்து வையுங்கள்.

காசு. மென்பொருள் இலவசம், ஆனால் நிறுவல் கூலி, டிக்கெட் காசு என்று டொலரில் ஏதாவது வந்தால் அது நியூயோர்க் வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் வரும். தொட்டால் அங்கேயே நிற்கும், உங்கள் கணக்கும் கேள்விக்குள்ளாகும். இலங்கை ஈரானுக்குத் தரவேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனையே தேயிலையால் அடைப்பதென்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள் என்றால் காரணங்களில் இதுவும் ஒன்று. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் உங்களுக்கு வங்கி முகாமையாளர் என்ன சொல்வார் என்று யோசியுங்கள். கட்டணம் வாங்காமல் போவது உத்தமம்.

லெப்டொப். இணையத் தொடர்பாடலுக்கான மென்பொருளுக்கும் சாதனங்களுக்கும் ஓஃபாக் பொது அனுமதி ஒன்று வைத்திருக்கிறது. 2014இல் டி-1, 2022 செப்டெம்பரில் டி-2 என்று விரித்தார்கள். தேயிலைக் கணக்கு இணையத் தொடர்பாடல் அல்ல, ஆகவே உங்கள் செயலியை அதன் நிழலில் ஒதுக்க முடியாது. சொந்தப் பாவனை லெப்டொப் ஒன்றைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது வேறு, அங்கே விட்டுவிட்டு வருவது வேறு. விட்டுவிட்டு வரவேண்டாம். வேண்டுமென்றே மீறினால் தண்டனை 10 லட்சம் டொலர் வரை அபராதமும் 20 வருடம் வரை சிறையும். தண்டனை இவ்வளவு பெரிது என்பதால், பயணத்துக்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் சாமான் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

மடுவம்_கணக்கு

நன்றி. பலகைகள் டுபாயோடு திரும்பும், கட்டணம் இல்லை. கழிவு மொடியூலை வெளியிட முடியாது, அதனால் அது வராது. ஆனால் எஸ்டிகே இல்லாவிட்டால் தராசு பேசாதே?

ஊவா_பொட்டலம்

பேசும். பின்பக்கம் ஒன்பது முள் ஆர்எஸ்-232 பொருத்து இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான தொழிற்சாலைத் தராசுகள் அதில் எடையைச் சாதாரண எழுத்து வரியாகத் துப்பிக்கொண்டே இருக்கும். வழக்கமான அமைப்பு 9600 போட், 8 தரவு பிட், சமநிலை பிட் இல்லை, 1 நிறுத்த பிட். சில மாதிரிகள் 2400, 7 பிட், இரட்டைச் சமநிலையில் வரும். குப்பை எழுத்து வந்தால் முதலில் இதைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். பல தராசுகளில் வரியின் தொடக்கத்தில் எஸ்டி என்றால் எடை நிலைத்தது, யுஎஸ் என்றால் இன்னும் ஆடுகிறது, ஓஎல் என்றால் பாரம் மிஞ்சியது. எஸ்டி வந்த வரியை மட்டும் எடுங்கள், அதுவும் அடுத்தடுத்து மூன்று வரி ஒரே எண் வந்த பிறகு. தொங்குதராசில் சாக்கு ஆடும்போது பதிந்தால் அரைக்கிலோ கூடவோ குறையவோ விழும், அது ஒருவருடைய கூலி. இந்த வாசிப்பானை நீங்களே எழுதினால் 100 வரிக்குள் முடியும், பொதுவில் போட்டுவிடலாம், எஸ்டிகே தேவையே வராது. லாஹிஜானில் இருக்கிற தராசு எந்த மாதிரி என்று இப்போதே படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி யூஎஸ்பி. தவறு நடக்கிற இடம் இது:

ஜிட் பண்டில் செய்யும்போது (களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டும்போது) ‘எல்லாம்’ என்ற தெரிவைப் போடாதீர்கள். அது உள்ளூரில் கிடக்கிற எல்லாக் கிளைகளையும் அள்ளும், கழிவு மொடியூலை ஒருகாலத்தில் சேர்த்துப் பார்த்த கிளையும் கூடவே போய்விடும். புதிய வெற்று அடைவில், கணக்குக்குள் நுழையாமல், பொதுக் களஞ்சியத்தைப் புதிதாகக் குளோன் செய்து அதிலிருந்து பண்டில் செய்யுங்கள். கணக்கில்லாமல் கிடைப்பது மட்டுமே வெளியிடப்பட்டது. சோதனைக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

ஏபிகேயும் அந்தக் குளோனிலிருந்தே தொகுத்ததாக இருக்கட்டும். வெளியீட்டுக்கு டேக் போட்டு, அதைப் பொதுவில் ஏற்றிய பிறகே தொகுப்பு. கொமிட் அடையாளத்தையும் (எந்த நிரல் நிலை என்பது) எஸ்எச்ஏ-256 தொகையையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்ப்பது) யூஎஸ்பியில் ஓர் உரைக்கோப்பாக வையுங்கள். எஸ்டிகே உண்மையில் போய்விட்டதா என்று ஏபிகேயை விரித்து லிப் அடைவில் உள்ள எஸ்ஓ கோப்புகளைப் பாருங்கள். ஏபிகேயைத் தொகுக்கும் கருவியான கிரேடில் பழைய தற்காலிகச் சேமிப்பிலிருந்து திருப்பி இழுத்து வைப்பதுண்டு.

டொக்கர் படம் (சேர்வர் மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி) கொண்டுபோவதானால் ‘டொக்கர் சேவ்’ செய்து கோப்பாக எடுத்துப்போங்கள். டொக்கர் ஹப் ஈரான் முகவரிகளுக்குக் கதவடைக்கும், கிட்லாபும் அப்படித்தான். அங்கே போய் இறக்கலாம் என்றிருந்தால் ‘அனுமதி இல்லை’ என்ற 403 பிழைதான் கிடைக்கும். கிட்ஹப் 2019 ஜூலையில் ஈரான் கணக்குகளைக் கட்டுப்படுத்தி, 2021 ஜனவரியில் ஓஃபாக் உரிமம் பெற்றுத் திறந்தது. பொதுக் களஞ்சியம் அங்கிருந்து வரும், அவர்களே நேரே இறக்கினால் இன்னும் நல்லது. அதேசமயம் டொக்கர் படத்தின் கீழ் அடுக்குகளில் அழித்த கோப்பும் இருக்கும். ஒருமுறை எஸ்டிகேயைச் சேர்த்துப் பிறகு நீக்கிய படம் என்றால் எஸ்டிகே உள்ளேயேதான் இருக்கிறது. புதிதாகக் கட்டுங்கள்.

தலவாக்கலை_டெபியன்

லெப்டொப் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை. லக்ஸ் டெபியனோடு வருகிற வெளியிடப்பட்ட மென்பொருள், அது இருப்பதால் ஏற்றுமதிச் சிக்கல் இல்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு ஏற்பாடான வாசனார் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்த நாடும் அல்ல, கட்டுநாயக்கவில் குறியாக்கத்துக்கென்று யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே கேட்பது பலகையைத்தான்: போகும்போது தொடர் இலக்கத்தோடு சுங்கத்தில் பதிந்து கடதாசி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது புது இறக்குமதி என்பார்கள். லோரா பலகை வானொலிச் சாதனம் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் கடிதமும் பைக்குள் இருக்கட்டும்.

குடிவரவு வரிசையில் நிற்கும்போது லெப்டொப்பை மூடி வைத்தால் போதாது, முழுதாக நிறுத்துங்கள். உறக்கத்தில் இருந்தால் லக்ஸ் சாவி நினைவகத்திலேயே இருக்கும். வீட்டு எஸ்எஸ்எச் சாவியைக் (சேர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் சாவி) கொண்டுபோகாமல் பயணத்துக்குப் புதிதாக ஒன்று போட்டு, வந்ததும் அழித்துவிடுங்கள். புறப்படுமுன் கிரிப்ட்செட்அப் கருவியில் லக்ஸ் தலைப்பை (வட்டைத் திறக்கும் சாவி விவரம் உள்ள பகுதியை) நகல் எடுத்து வையுங்கள், லக்ஸ்2 என்றால் 16 எம்பி அளவில் ஒரு கோப்பு வரும். அந்தக் கோப்பு லெப்டொப்போடு ஒரே பையில் போகக்கூடாது, ஹட்டனிலேயே இருக்கட்டும்.